முதிர்வுக்கு முன்

1
இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. கோயம்புத்தூரில், கம்பெனி டெபாசிட் பிடித்துத் தரும் ஏஜெண்ட் ஒருவரின் அலுவலகத்தில் ஒரு பெண்மணி கேட்ட கேள்வி மட்டும் நிஜம். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'வட்டி என்பது வற்றாத நதியைப் போல...' (வேண்டாம். வட்டியில் அரிசி வாங்குகிறவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்.)

2
நாச்சிமுத்து நூற்பாலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும், கணவனும் மனைவியுமாக ஒரே கம்பெனியில் டெபாசிட் செய்தார்கள். போடச் சொன்னவர் மனைவி அமராவதியின் அண்ணன், ஏஜெண்ட் தங்கமுத்து. மாத வட்டியில்தான் வாடகையும் நாச்சிமுத்துவின் இதய மாத்திரையும். போன வாரம் அந்தக் கம்பெனியின் தரமதிப்பைக் குறைத்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. இந்த மாத வட்டி இன்னும் வரவில்லை.

முன்கூட்டியே எடுத்துவிடலாமென்று இருவரும் ரசீதோடு அண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டாயிற்று. அமராவதி போடவேண்டும்.

"அவசரப்படாத அம்மிணி. இப்ப எடுத்தா வட்டியிலயும் புடிச்சுக்குவாங்க" என்றார் தங்கமுத்து.

"உங்க பணத்த எங்கீங்ண்ணா போட்டிருக்கீங்க?"

(கேள்வி இதுதான்.)

3
தங்கமுத்துவை மோசக்காரராகத்தான் முதலில் எழுதினேன். 'போஸ்ட் ஆபீசுல' என்று சொல்லவைத்தேன். கதை அங்கேயே செத்துப்போனது. அடித்துவிட்டேன்.

"என்ற பணமும் அங்கதான். புள்ள கல்யாணத்துக்கு வெச்சது அத்தனையும்."

"எடுக்கலீங்களா?"

"நானே எடுத்துட்டேன்னு தெரிஞ்சா எங்கிட்டப் போட்டவங்க எல்லாரும் ஓடியாருவாங்க. ஒரே நேரத்துல கேட்டா எந்தக் கம்பெனி தாங்கும்?"

"அதுக்குத்தான் எங்களையும் இருக்கச் சொல்றீங்களா மச்சான்?" என்றார் நாச்சிமுத்து.

அமராவதிக்குத் தெரியும். சொந்தத் தங்கையே எடுத்துவிட்டாள் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

4
ஒரு முடிவில் அவளுக்குப் பணம் வந்துவிடுகிறது, அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. இன்னொன்றில் அவள் கையெழுத்துப் போடவில்லை; அதை எழுதி முடிக்கவில்லை. நாச்சிமுத்து மாத்திரையைப் பாதியாக உடைத்து, மீதியை நாளைக்கென்று

எத்தனை தடவை எழுதினாலும் தங்கமுத்து மட்டும் இதையே செய்கிறார். இழுப்பறையிலிருந்து ரெவின்யூ ஸ்டாம்பை எடுத்து, நாக்கில் தொட்டு, ரசீதின் பின்பக்கம், நாச்சிமுத்துவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார். கட்டைவிரலால் அழுத்துகிறார்.

"போடு அம்மிணி. நாஞ் சொல்லித்தானே இதுல போட்டீங்க."

அமராவதி பேனாவைத் திறந்துவிட்டாள்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நான் எழுதினால் அவள் கையெழுத்து சுலபமாக விழுந்துவிடும். அண்ணன் இருக்கிறவர் யாராவது பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள்.