அக்கா வீட்டுப் பனி மெஷின்

"ஒரே இழு, பத்திக்கும்" என்று சொல்லித்தான் என் பழைய சிநேகிதன் குர்ட் அந்தப் பழைய மெஷினை என் தலையில் கட்டினான். பத்திக்கொண்டது உண்மைதான். ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும் என்பதை மட்டும் அந்த மகாராசன் சொல்லவில்லை.

பனியை வாரித் தூர வீசுகிற மெஷின். சாலைக்கு எதிர்ப்புறம் குடியிருக்கும் என் அக்கா சைமாவுக்காக வாங்கியது. எங்கள் பக்கம், அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று கிளம்பினால் ஒரே ராத்திரியில் ஜன்னல் மறைந்துவிடும். விடிந்ததும் அரசாங்க லாரி வந்து சாலைப் பனியையெல்லாம் ஒதுக்கி, ஒவ்வொரு வீட்டுப் பாதை வாயிலும் இடுப்பளவு கொட்டிவிட்டுப் போகும். மதியத்துக்குள் அது இறுகிப் பாறையாகிவிடும். அந்த லாரியை நானே பல வருஷம் ஓட்டியவன், ஆகவே திட்டவும் முடியாது. போன குளிர்காலம்வரை இதெல்லாம் அத்தான் ஓனியின் பாடு. ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கோ தோள்பட்டை போய்விட்டது. மண்வாரியைத் தூக்கினால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்றே அக்கா படியில் வழுக்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லாமல் சாலையிலேயே நின்றது. ஆட்கள் பனியில் நீந்துவதுபோல் வந்து அவளைத் தூக்கிப் போனார்கள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. விஷயம் தெரிந்து அவள் மகன் டேரில் வெயில் கொளுத்தும் அரிசோனாவிலிருந்து போன் போட்டான்.

"மாமா, பாதை எப்பவும் திறந்திருக்கணும். பிப்ரவரில வந்து பாப்பேன். இல்லேன்னா அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன்."

"போடா, பெரிய இவன் மாதிரி பேசாத. நான் எதுக்கு இருக்கேன்?" என்று போனை வைத்தேன். மறுநாளே குர்ட் வீட்டுக்குப் போனேன்.

எனக்குக் கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் இல்லை. காலைக் காபி அக்கா வீட்டில், சனிக்கிழமை சானா என்கிற நீராவி அறையில் வியர்க்க உட்காருவதும் அக்கா வீட்டில். 'தலைய ஒழுங்காத் தொடைடா, சளி பிடிக்கும்' என்று என்னை அதட்ட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். அவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஆகவே அந்த மூதேவியோடு மல்லுக்கட்டினேன். முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். பிரயோசனமில்லை. சரி, கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாய்ப் பிடித்திருக்கும் என்று அதைக் கழற்றினேன். கழற்றுமுன் டேங்க்கின் அடியிலுள்ள வால்வை மூட வேண்டும். அதன் கைப்பிடி எந்தக் காலத்திலோ ஒடிந்துபோய் வெறும் மொட்டையாக இருந்தது. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. குறடு போட்டுத்தான் திருக வேண்டும். எதற்கு வம்பு என்று பெட்ரோல் குழாயை நெரித்துப் பிடித்துக் கழற்றினேன், துடைத்து மாட்டினேன், வால்வைத் திறக்கும் பக்கம் ஒரு திருகு திருகிவிட்டேன். கயிற்றை இழுத்தால், அடேயப்பா! பாதை முழுக்க வாரி முடிக்கும்வரை ஒரு தடவைகூட இருமவில்லை.

அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஓடுதா?"

"குதிரை மாதிரி ஓடுதுக்கா!"

"ஓ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த பனிக்கு அதே கதை. ஐந்து நிமிஷம், பொசுக்கென்று நின்றது. பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருக்குமோ என்று மெஷினைச் சாய்த்து எல்லாவற்றையும் வடித்து, புதுசு ஊற்றி, வால்வையும் முழுக்கத் திறந்துவிட்டேன். ஓடியது. அதற்கடுத்த பனிக்கு மறுபடி நின்றது. வந்த ஆத்திரத்துக்கு ஓர் உதை விட்டேன், கால்தான் வீங்கியது. நொண்டிக்கொண்டே கார்புரேட்டரை மறுபடி துடைத்து, வால்வைத் திறந்துவிட்டு, ஓட்டி முடித்தேன். குர்டைக் கூப்பிட்டுக் கத்தினால், "எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? உன் கைராசி அப்படி" என்கிறான்.

"விட்டுத் தொலைடா, அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா, என் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே.

"அதுக்கா, எனக்கா, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்றேன்.

பிப்ரவரியில் டேரில் வருவதற்கு முந்தின நாள் புயல் வந்துவிட்டது. காலையில் பார்த்தால் அக்கா வீட்டுப் படியே காணோம். மெஷின் நிற்கும் அவள் கொட்டகைக்குப் போய் அதைக் கிளப்பினேன். பாதி முற்றம் தாண்டவில்லை, நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைப்பு இருக்கிறதா பார்க்கலாம் என்று, முதலில் வால்வை மூடக் குறடு போட்டேன். திரும்பவில்லை. இன்னும் அழுத்தினேன். அசையவே இல்லை.

ஏற்கெனவே மூடியிருந்தது.

அப்படியே குந்திவிட்டேன். போன தடவை நானே திறந்து, ஓட்டி, கொட்டகையில் விட்டுப் பூட்டியது. மூடி வைத்தால் கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோல் ஐந்து நிமிஷம்தான் தாங்கும். ஒவ்வொரு தடவை நான் ரிப்பேர் பார்த்ததும் ஓடியதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, வேலை முடிந்து வால்வை நானே திறந்துவிட்டதுதான். கொட்டகைக்கு இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று அக்காவின் அடுப்படியில்.

கையில் குறடோடு உள்ளே போனேன். அக்கா ஏலக்காய் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்குமுன் குறடைப் பார்த்துவிட்டாள்.

"கண்டுபிடிக்க இத்தன நாளாச்சா உனக்கு? லாரி ஓட்டினவனாம்" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணியது.

"ஏன்க்கா?"

"டேரில் என்னைய வரச் சொல்லலடா. நாந்தான் வரேன்னு சொன்னேன். நீயா கூப்பிடற மாதிரி மாமாகிட்ட பேசுன்னு அவன்கிட்ட கெஞ்சினேன்."

"இங்க உனக்கு என்ன குறை? நான் இல்லையா?"

"நீ இருக்கறதுதான் கஷ்டமே. அம்மா போனப்புறம் உன்ன இடுப்புல வச்சுத் திரிஞ்சவ நான். உன் மூஞ்சியப் பாத்து, உன்ன விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றது? மெஷின் ஓடலேன்னா பழி மெஷின் மேல போயிரும். நீயும் குர்டைத் திட்டித் தீத்துக்குவ."

"போ! போய் அந்தப் பாலைவனத்துல கருவாடாக் காயி!" என்று கத்தினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குக் குளிருதுடா ரூடி" என்றாள். "அவர் இருந்தவரைக்கும் தெரியல. இப்ப எத்தன போர்வை போத்தினாலும் எலும்புக்குள்ள குளிருது. வெளிய காலெடுத்து வைக்கவே பயமா இருக்கு. கொஞ்ச நாள் வெயில்ல உக்காந்திருக்கணும். அவ்வளவுதாண்டா."

"என்கூட வந்துரேன்" என்று தொடங்கியவள், நான் எங்கும் வரமாட்டேன் என்று தெரிந்தோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு எனக்குக் காபி ஊற்றினாள். குடித்தேன். சூடாகத்தான் இருந்திருக்கும், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு வெளியே போனேன். குறடு போட்டு வால்வை முழுக்கத் திறந்தேன். கயிற்றை ஒரே இழு. பத்திக்கொண்டது.

படியிலிருந்து தொடங்கினேன். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. நிற்கவில்லை. முற்றம் முடிந்து, பாதை முடிந்து, சாலையோரத்துப் பாறைப் பனியையும் கடித்துத் துப்பியது. 'நில்லேன், சனியனே. ஒரே ஒரு தடவை நில்லேன்' என்று அதன் சத்தத்தினூடே கெஞ்சினேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடிப் பனிகூட மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் டேரிலின் கார் எங்கும் சிக்காமல் நேராகப் படிவரை வந்து நின்றது.