பூந்திக்கு ஒரு கிண்ணம்

வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது என்று கால்நடை டாக்டர் நிர்மலா சொன்ன அன்று நீலமேகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அது ரெண்டும் எங்காத்து வாசப்படியே ஏறாது டாக்டர்."

அவர் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர். வீட்டில் வளரும் நாய் பூந்திக்கும் அவர் சமையல்தான். பூசணிக்காய், கேரட், தயிர் சாதம். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். புதிதாக ஒரு காய் வந்தால் டாக்டரிடம் கேட்காமல் போடமாட்டார். ஆனால் பிரசாதத்தைப் பற்றி டாக்டரிடம் யார் கேட்பார்கள்?

அன்று கிருத்திகை. மதியம் மலையிலிருந்து இறங்கி வந்தவர் வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லம், நெய், தேன், ஒரு கை நிறைய உலர்திராட்சை எல்லாம் சேர்த்துப் பஞ்சாமிர்தம் செய்தார். முருகன் படத்துக்கு நைவேத்தியம் செய்துவிட்டுப் பூந்திக்கு ஒரு கரண்டி வைத்தார். அது தட்டை நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு கரண்டி வைத்தார்.

அவர் கை கழுவும்போது, தடுப்பூசி எப்போது என்று கேட்க மனைவி அபிராமசுந்தரி டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நன்னா சாப்பிடறது டாக்டர், இப்பக்கூட பஞ்சாமிர்தம்..." என்றவள் பேச்சை நிறுத்தி, இவரைப் பார்த்தாள்.

"ஏன்னா, அதுல திராட்சை போட்டேளா?"

"போடாம?"

"நாய்க்கு அது விஷமாம். கிட்னி போயிடுமாம். உடனே தூக்கிண்டு வரச் சொல்றா."

"பிரசாதம் எப்படிடி விஷமாகும்?" என்றார். ஆனால் அதற்குள் பூந்தியைத் தூக்கிவிட்டிருந்தார். "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெச்சுடட்டுமா?"

"எதுவும் குடுக்கக் கூடாதாம். அப்படியே வரணுமாம்."

தெருமுனையில் டில்லிபாபுவின் ஆட்டோ நின்றது.

"இன்னா சாமி, நாயைத் தூக்கிகினு ஓடி வர்றீங்க?"

"திராட்சையைத் தின்னுடுத்து. ஆஸ்பத்திரிக்குப் போப்பா."

"திராட்சைக்கா? எங்க தெரு நாய்ங்க செருப்பையே தின்னுட்டு ஜம்முனு படுத்துகினு கீது சாமி."

சொன்னானே தவிர, காவடிக் கூட்டத்தில் மாட்டாமல் சந்து சந்தாக விரட்டினான். பூந்தி நீலமேகத்தின் முழங்கையை நக்கியது. நெய் வாசனை இன்னும் போகவில்லை. முருகா என்று கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அவனுக்குக் காட்டியதைத்தானே இதற்கும் கொடுத்தார்? என்னவென்று முறையிடுவது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாந்தி வரவழைக்க ஊசி போட்டார். சிறிது நேரத்தில் பூந்தி வாந்தி எடுத்தது. ஊறிப்போன திராட்சைகள் முழுசு முழுசாக வந்து விழுந்தன.

"மெல்லவே இல்லை, பாருங்க," என்றார் டாக்டர். "சீக்கிரம் வந்ததால நல்லதாப் போச்சு. ரத்தம் மட்டும் பார்த்துடலாம். நாளைக்கும் கூட்டிட்டு வாங்க."

"ஆட்டோக்காரன் ஒண்ணும் ஆகாதுங்கறான்."

"சில நாய்க்கு ஒண்ணும் ஆகாதுதான். சிலதுக்குக் கொஞ்சம் தின்னாலே போதும். எதுக்கு எப்படின்னு முன்னாடியே சொல்ல முடியாது."

நீலமேகம் தலையாட்டினார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வாழைப்பழம்?" என்றார்.

"அளவாக் குடுக்கலாம், தப்பில்லை."

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. பூந்தி பழையபடி கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளற ஆரம்பித்தது. அபிராமசுந்தரி அதைத் திட்டவில்லை.

அடுத்த கிருத்திகையன்று முருகன் படத்தின் முன்னால் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. சின்னதில் பிசைந்த வாழைப்பழம் மட்டும்.

"இதென்ன புது வழக்கம்?" என்றாள் அபிராமசுந்தரி.

"அவன் ரெண்டையும் பார்த்துக்கட்டும். வேண்டாம்னா சொல்லப் போறான்?"

கற்பூரம் அணைந்ததும் பெரிய கிண்ணத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, சின்னக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்தார். பூந்தி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது.