அணு தட்டிய தாளம்

லேசர்க்கா அதைச் சொன்னபோது நடனக்காரியின் வாயில் ஒரு மிடறு காபி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் இடமில்லை. ஆய்வுக்கூடத்துக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்கு எல்லோரும் வைத்த பெயர் லேசர்க்கா. எந்த ரகசியத்தையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"அந்த டிக் டிக்கா? அது அணுவும் இல்ல, கினுவும் இல்ல. புரொபசர் சார் தன் ரூம்ல உக்காந்து பேனாவால மேஜைல தட்டிப் பதிவு பண்ணது. நிஜச் சத்தம் ரொம்ப போரா இருக்குன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த ஆய்வுக்கூடத்தின் பௌதிகப் புரொபசர் வீடு தேடி வந்து சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லாத ஒரு பெட்டிக்குள் ஒற்றை அணுவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் ஒரு 'டிக்'. எப்போது தாவும் என்று அதற்கே தெரியாது. அந்தச் சத்தத்துக்கு அவள் மேடையில் ஆட வேண்டும்: டிக் கேட்டால் ஓர் அசைவு, கேட்காதவரை எந்த நிலையில் இருக்கிறாளோ அப்படியே நிற்க வேண்டும். குழந்தை பிறந்ததிலிருந்து நாலு வருஷமாக மேடையேறாதவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். ஒத்திகைக்கு வாரம் ஒரு புதுப் பதிவு வரும். மூன்றாம் மாதமே அடுத்த டிக் எப்போது விழும் என்று உடம்புக்குத் தெரிய ஆரம்பித்தது. முன்பின் கேட்காத பதிவிலும் தெரிந்தது. அணு தனக்கு வசப்பட்டுவிட்டதாக நினைத்து, பூரித்துப்போய் அவரிடமே சொன்னாள். எந்தக் கொம்பனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றை அவள் கால் சொல்கிறது என்றால், பௌதிகம் படித்த மனிதருக்கு அந்த இடத்தில் முகம் வெளுத்திருக்க வேண்டாமா? அவரோ வாயெல்லாம் பல்லாகி, 'அணுவின் மனதறிந்த கால்கள்' என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்.

ஆக, இத்தனை நாள் அவள் மனப்பாடம் செய்தது ஒரு மனிதரின் விரலை. அவருடைய அவசரம், அவருடைய சலிப்பு, ரொம்ப நேரம் சும்மா இருக்கப் பொறுக்காத அந்த அரிப்பு, எல்லாம் அவள் இடுப்பிலும் முட்டியிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. கழிவறைக்குப் போய் காபியைத் துப்பி முகத்தைக் கழுவினாள். போதவில்லை. செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு காலாகக் கைகழுவும் தொட்டிக்குள் வைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பெருமைப்பட்டுக்கொண்டாளே, அதைத்தான் எந்தச் சோப்பாலும் கழுவ முடியவில்லை.

நேரே அவர் அறைக்குப் போனாள். மேஜையில் அந்தப் பேனா மூடி இல்லாமல் கிடந்தது. நுனியைக் கடித்துக் கடித்து வைத்திருந்தார். 'இதுதானா சார் உங்க அணு?' என்று அதைக் காட்டிக் கேட்டாள். அவர் பூசி மெழுகப் பார்த்தார். கலை என்றால் கொஞ்சம் மெருகு வேண்டாமா என்றார். பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்றார்.

"நாளைக்கு நிஜமான சத்தத்தை மேடைக்குக் குடுங்க சார். இல்லன்னா நான் ஆடல."

"அது சில நேரம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் வராதும்மா. என்ன செய்வீங்க?"

"நிக்கறேன்."

அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது, அவரால் மென்று விழுங்கத்தான் முடிந்தது. லேசர்க்கா தானே ஒயரை இழுத்து ஆய்வுக்கூடத்திலிருந்து அரங்கம்வரை கொண்டுவந்தார்.

மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிந்தது. முதல் டிக் உடனே விழுந்தது. இடது காலைத் தூக்கினாள். பாதத்தை இறக்குவது அடுத்த டிக்குக்கு. உடம்பு பழைய கணக்கில் இதோ, இதோ என்று துடித்தது, ஒன்றும் வரவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ நாற்காலியில் புரண்டார்கள். நின்ற காலின் தொடை நடுங்கத் தொடங்கியது. இப்படியே விழுந்தால் இனி ஒருவரும் தன்னை மேடைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எப்போது வரும் என்று தெரியவில்லை. அப்படித் தெரியாமல் இருந்ததே அவளைக் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

முன்வரிசையில் புரொபசர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை நாற்காலியின் மரப்பிடியில் கிடந்தது. அந்த அமைதியில் மெல்லத் தட்டினாலும் ஒரு டிக் போலவே மேடைவரை கேட்கும். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஆள்காட்டி விரல் மரத்தைவிட்டு மெதுவாக மேலே எழுந்தது.