பலகைக்கு வெளியே ஒரு வரி

காலையிலிருந்து ஏழாவது தடவையாக மெஷின் அதே புகாரைச் சொன்னது. வேலை எல்லையைத் தாண்டக்கூடும், தொடரவா, நிறுத்தவா? என் வீட்டுக்காரர் சிவநேசன் ஏழாவது தடவையாக நிறுத்தினார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நாற்பதடி கன்டெய்னர் லோரியைக் கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுக்கிற மனிதர், கார் போர்ச்சில் மடக்கு மேசை மேல் அடங்கிவிடுகிற, மரத்தில் எழுத்துப் பொறிக்கும் ஒரு லேசர் மெஷினிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூச்சோங் மண்டபத்தில் தாமரைக்குக் கல்யாணம். மெஷினில் கிடப்பது வாசலில் வைக்க வேண்டிய வரவேற்புப் பலகை. இருப்பது ஒரே பலகை. மூன்று வாரமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அவசரப்பட்டுத் தொடர்ந்தால் லேசர் தலை மெஷினின் ஓரக் கம்பியில் முட்டி, எழுத்தெல்லாம் கோணி, பலகை பாழாகிவிடுமாம்.

தாமரை எனக்கும் என் முதல் கணவர் பக்கிரிசாமிக்கும் பிறந்த மகள். அவர் போனபோது அவளுக்கு ஆறு வயது. ஒன்பதாவது வயதில் சிவநேசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு 'அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்தவள், பதினெட்டு வருஷமாக அதை மாற்றவில்லை. இவரும் கேட்டதில்லை. பலகையில் என்ன எழுதுவது என்பதைக்கூட இவர்தான் தாளில் எழுதிக் கொடுக்க, அவள் அதை லேப்டாப்பில் வடிவமைத்தாள்: அமரர் பக்கிரிசாமி – சீதாலெட்சுமி தம்பதியரின் மகள். உங்கள் பெயர் எங்கே என்று அவள் கேட்டதற்கு, "பெத்தவரு பேரு இருந்தா போதும்மா. மாப்பிள்ள வீட்டுல ஆளாளுக்கு கேள்வி கேப்பாங்க," என்று முடித்துவிட்டார். கல்யாணத்தன்று கார் பார்க்கிங்கைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவருக்குப் பார்க்கிங்தானா இடம்?

லேசர் தலையை மூலைக்குக் கொண்டுபோய் வைத்து மறுபடி ஆரம்பித்தார். எச்சரிக்கை வந்தது. ஒவ்வொரு வரியின் முனையிலும் தலை கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்புமாம். அந்தத் தூரத்தைக் குறைத்தார். வந்தது. எழுத்தைச் சின்னதாக்கினார். அப்போதும் வந்தது.

"எழுத்து நடுவுலதான இருக்கு. எதத் தாண்டுதுன்னு தெரியலயே, லெட்சுமி."

எனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கார் கதவு சரியாக மூடாவிட்டால் சேலைத் தலைப்பு வெளியே தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

"படத்த நல்லா சின்னதாக்கிப் பாருங்க. வெளிய ஏதாச்சும் கெடக்கப் போவுது."

மவுஸை உருட்டினார். திரையில் பலகை சுருங்கிக்கொண்டே போனது. அதன் எல்லைக்கோட்டுக்கு வெளியே, வலது ஓரத்தில் பொடியாக ஏதோ கிடந்தது. பெரிதாக்கினார்.

*சிவநேசன் அப்பா வளர்த்த பெண்.*

தலை துவட்டிய துண்டோடு தாமரை வெளியே வந்தாள். "ரெடியா அங்கிள்?" என்றவள், திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்க வேணாம்னு சொன்னீங்க. டிலீட் பண்ண மனசு வரல. ஓரமா தள்ளி வச்சேன். வெளிய இருந்தா மெஷினுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"அது எல்லாத்தையும் சேத்துதாம்மா கணக்குல எடுக்கும்," என்றார். அந்த வரியை அழித்தால் எச்சரிக்கை போய்விடும். அது அவருக்கும் தெரியும். விரல் விசைக்கு மேலேயே நின்றது.

"உள்ள எடம் பத்துமா?" என்று தாமரை கேட்டாள்.

"பத்தாது." எழுத்துகளுக்குக் கீழே இருந்த பூ வேலைப்பாட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனார்: "கீழ இருக்கிற அந்தப் பூவ எடுத்தா பத்தும்."

"எடுங்க லா. பூவ யாரு பாக்கப் போறா?"

பூ போனது. அந்த வரியை உள்ளே இழுத்து என் பெயருக்குக் கீழே வைத்தார். ஓரத்தை மட்டும் சுற்றிக் காட்டும் பொத்தானை அழுத்தினார். சிவப்பு ஒளிப்புள்ளி பலகையின் நான்கு பக்கமும் நிதானமாக நடந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. எச்சரிக்கை இல்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறையும். தாமரை அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லேசர் இன்னும் எரியவே ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் அவர் மேசையைத் துழாவி, லேசர் ஒளி கண்ணில் படாமல் இருக்கப் போடுகிற பச்சைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.