நான்கு விரல் இடைவெளி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஷெட் சுவரில் சார்ஜர் பிளக்கை மாட்டும் ஹோல்டரைத் திருகி முடித்ததும், உள்ளறையில் படுத்திருந்த என் மனைவிக்குக் கேட்கட்டும் என்றே ஸ்குரூ டிரைவரைச் சத்தமாகக் கீழே போட்டேன். இரண்டு வருடத்துக்கும் மேலாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஒரு ஹோல்டர், இரண்டு ஸ்குரூ, அரை மணி நேரம். முடித்துவிட்டுப் பார்த்தால், இதற்கா இத்தனை நாள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் ஷெட் இந்தக் காரை வாங்குவதற்கு வெகுகாலம் முன்பு கட்டியது. எலக்ட்ரிக் காரை உள்ளே விட்டால் நான் இறங்கும் பக்கம் ஒரு ஜாணும் நான்கு விரலும் மிஞ்சும். வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வர ஒரு ஜாண் வேண்டும். ஆகவே சுவரில் எதை மாட்டினாலும் நான்கு விரலுக்கு மேல் துருத்தக் கூடாது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். கடைகளில் கிடைத்த ஹோல்டர்களில் எல்லாம் சார்ஜர் பிளக் நேராகப் போய்ச் சொருகிக்கொள்ளும். அதன் கைப்பிடி தண்ணீர்க் குழாய் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து வாங்கினேன், ஐந்தையும் திருப்பிக் கொடுத்தேன். நான் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறவன். மூக்குத்தண்டில் அரை மில்லிமீட்டர் இடித்தாலும் வந்தவரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விடமாட்டேன். அந்தப் புத்தியை வீட்டிலும் காட்டினேன். பிளக் அதுவரை தரையில் கிடந்தது.

"ஒரு ஆணி அடிச்சுத் தொங்க விடுங்களேன். கார் என்ன உங்ககிட்ட கண்ணாடி போடவா வந்திருக்கு?" என்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். அங்கே ஒரு படி விட்டுப்போனாலும் மதிப்பெண் குறைப்பாள். வீட்டு வேலையில் மட்டும் விடை வந்தால் போதும். தினமும் சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் கேட்பாள்: "மாட்டிட்டீங்களா?" நானும் தினமும், "பொருத்தமா ஒண்ணு கிடைக்கட்டும்மா" என்பேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது விளையாட்டுதானா என்று கேட்டதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால், துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக ஷெட்டுக்குள் இறங்கினாள். வாளி மறைத்ததில் தரை தெரியவில்லை. கேபிளில் கால் சிக்கியது. வாளி விழுந்ததில் ஒரு டைல்ஸின் மூலை உடைந்தது. அவளுக்கு இடுப்பு, வலது பக்கம். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இனிமே நடக்க வேண்டியது அவங்கதான்" என்றார். ஆனால் அவள் காலை ஊன்றவே இல்லை. பிசியோதெரபி அம்மா தினமும் காலையில் வந்து ஒரு மணி நேரம் போராடுவார். வாக்கரைப் பிடிக்கவைத்து நிறுத்தினால் முழங்கால் துணி மாதிரி மடியும். அவரிடம் பேசுவாள், தன் தங்கையிடம் பேசுவாள். என்னிடம் மட்டும் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும். "மாட்டிட்டீங்களா?" அதே பழைய குரல், ஏற்ற இறக்கம்கூட மாறாமல். திட்டித் தீர்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை மன்னிக்கக்கூட வேண்டாம், எழுந்து நான்கு அடி நடந்தால் போதும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

ஹோல்டர் கிடைத்த விதம்தான் கொடுமை. பல்பு வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரரின் தலைக்குப் பின்னால், தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிளக் சாய்வாக இறங்கிச் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் அமைப்பு. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூன்றரை விரல்.

"இது எப்ப வந்துச்சு?"

"அதுவா சார், ரெண்டு மூணு வருஷமா கிடக்கு. யாரும் கேக்கலை."

கடை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

மாட்டிய அன்று சாயங்காலம் அவள் கேட்டதும், "மாட்டிட்டேன்" என்றேன். இத்தனை காலத்தில் முதல் தடவையாக. ஏதாவது சொல்வாள் என்று கட்டிலருகே நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷெட்டின் ஷட்டரைத் திறந்தபோது பிளக் தரையில் கிடந்தது. கேபிள் சமையலறைக் கதவுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. காலையில் அவசரத்தில் சரியாகச் சொருகியிருக்கமாட்டேன் என்று எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திவிட்டு, இழுத்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், கேபிளில் தொங்கியும் பார்த்தேன். அசையவில்லை. கைப்பிடியிலுள்ள பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினால்தான் வெளியே வரும். சாயங்காலம் அது மறுபடியும் தரையில் இருந்தது. விழுந்த பொருள் கோணல்மாணலாகக் கிடக்கும். இது மூலை உடைந்த டைல்ஸின் மேல், வாய் சமையலறையைப் பார்த்தபடி, எடுத்து வைத்ததுபோல இருந்தது.

ஷட்டரின் ரிமோட் என் பையில். மதியம் மனைவியின் தங்கை வந்து சாப்பாடு கொடுத்துவிட்டு இரண்டு மணிக்குப் போய்விடுவாள். அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் அந்தப் பக்கமே போறதில்ல மாமா. முன் கதவைப் பூட்டிட்டு அப்படியே கிளம்பிடறேன்."

"எலி கிலி ஏதாவது இருக்குமோ?"

"எலி வந்து பட்டன் அமுக்குமா மாமா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டு மணிக்கு மேல வீட்டுல அக்கா மட்டும்தானே இருக்கா" என்றாள்.

புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒருவிதமான வீம்பு வந்துவிட்டது. ஹோல்டரைக் கழற்றி, ஒரு முழத்துக்கும் மேலே, நானே கையை நன்றாக உயர்த்தினால்தான் எட்டும் உயரத்தில் புதிதாகத் துளை போட்டேன். சுவர் உள்ளே மாவாகியிருந்தது போல. வெள்ளைத் தூள் கொட்டு கொட்டென்று கொட்டித் தரையெல்லாம் படர்ந்தது. ஸ்குரூவை முறுக்கிப் பிளக்கைச் சொருகும்போதே கடையிலிருந்து அழைப்பு. ஒருவர் ஃபிரேமை உடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி இல்லாமல் அவருக்கு வீட்டுக்குப் போகவே வழி தெரியாது என்றார்கள். பெருக்காமலே கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஷட்டரைத் திறந்தேன். பிளக் உடைந்த டைல்ஸின் மேல் இருந்தது. நான் எதிர்பார்த்துத்தான் வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தூளில் என் செருப்புத் தடங்கள் காலையில் விட்டபடி இருந்தன. அவற்றுக்கு நடுவே, சமையலறைக் கதவிலிருந்து வெறுங்கால் தடம். இடது பாதம் முழுசாக, ஐந்து விரலும் தெளிவாக. வலது பாதம் பதியவில்லை. இழுத்த கோடுதான் இருந்தது. கோடு, பாதம், கோடு, பாதம். எண்ணினேன், நான்கு அடி. ஹோல்டருக்கு நேர் கீழே கோடு நின்றுவிட்டது. அங்கே இரண்டு கால்களும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன, ஆனால் குதிகால் இல்லை. விரல்களும் முன்பாதமும் மட்டும், ஆழமாக. நுனிக்காலில் நின்று எட்டியிருக்கிறாள். வலது காலிலும்.

பிறகு தடம் டைல்ஸுக்கு வந்து, குனிந்த இடத்தில் கொஞ்சம் கலைந்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தினமும் அந்த நேரத்துக்கு அவள் காலைத் துடைத்துவிடுவேன். கண்ணை மூடியிருந்தாள். வாக்கர் கைக்கு எட்டாத மூலையில், காலையில் பிசியோதெரபி அம்மா வைத்துவிட்டுப்போன இடத்திலேயே நின்றது. போர்வையைக் காலடியிலிருந்து விலக்கினேன். இரண்டு உள்ளங்கால்களும் வெள்ளையாக இருந்தன.

ஏழு மாதமாக நான் கேட்டது இதைத்தான். ஓடிப்போய் அவள் தங்கையைக் கூப்பிட வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், இவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றெல்லாம் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் துண்டைப் பிடித்தபடி நின்றேன். பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த பெண்ணிடம் எனக்குப் பயமாக இருந்தது. தான் விழுந்த இடத்தை எனக்குக் காட்டத்தான் நடக்கிறாளா, அதே இடத்தில் நானும் விழ வேண்டும் என்று நடக்கிறாளா? எதற்காகவோ, நடக்கிறாள். அதை எப்படி வேண்டாம் என்பேன்?

தண்ணீர் பட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசின் தண்ணீர் பால் நிறமாகியிருந்தது. அதையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஏழு மாதத்தில் முதல் தடவையாக, என்னிடம் இன்னொரு வாக்கியம் சொன்னாள்.

"ரொம்ப உசரத்துல மாட்டிட்டீங்க."

விரல் இடுக்குகளையும் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். யாருக்கும் போன் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் ஹோல்டரைப் பழைய உயரத்துக்கே இறக்கினேன். கட்டிலிலிருந்து ஷெட் கதவு வரைக்கும் வழியில் இருந்த ஸ்டூலையும் செருப்பு ஸ்டாண்டையும் நகர்த்தினேன். ஓரம் மடங்கிக் காலை வாரும் மிதியடியைச் சுருட்டி எடுத்துவிட்டேன். தரையிலிருந்த தூளைப் பெருக்கவில்லை. துடைப்பத்தைப் படுக்கவைத்துத் தடங்கள் மறையும்படி சமமாகப் பரப்பிவிட்டேன். கடைசியாகப் பிளக்கைச் சொருகினேன். 'டிக்' என்றது.

உள்ளறையில் கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது.