ப்ரொமேலியாவில் குடியிருக்கும் தவளை

1

பாராட்டி நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் கட்டைவிரல் நகத்தில் தாராளமாக உட்காரக்கூடிய ஒரு மரத்தவளையைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தேன். முதல் வரி: ‘மலைக்காட்டின் பேரமைதியில்...’

[அடித்துவிட்டேன். அமைதி ஏது? ஹேர் டிரையரோடு போட்டி போட்டல்லவா கத்துகிறது!]

2

லிண்டவுராவின் முடிவெட்டும் கடை வாசலில், ப்ரொமேலியாச் செடியில் இருக்கிறது அது. செடி அன்னாசிக்கு நெருங்கிய சொந்தம். இலைகளின் அடியில் ஒரு கரண்டி மழைத்தண்ணீர் தேங்கும். அதிலேயே முட்டை, அதிலேயே தலைப்பிரட்டைக் குஞ்சு. தாய் எல்லா முட்டைகளையும் ஒரே இடத்தில் இடாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிரித்து வைக்கும். எனக்கு இந்த முன்யோசனை கிடையாது. கத்துவது ஆண். அது கத்தினால் மழை வருகிறதென்று லிண்டவுரா கொடித்துணிகளை எடுத்துவிடுவாள்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. அடில்சன் கிடைத்தான். நகராட்சியின் கொசு ஒழிப்பு ஊழியன். லிண்டவுராவை விட்டுப் போன கணவன்.

[வில்லன் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. போன கோடையில் அவர்கள் மகள் தயானா டெங்குவில் பிழைத்ததே பெரும்பாடு. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலடியில் தரையில் படுத்துக் கிடந்தவன் இவன்தான்.]

“செடியக் கவுக்கணும், லிண்டா.”

“கவுத்துட்டுப் போறது உனக்குக் கைவந்த கலையாச்சே.”

“வாய் மட்டும் குறையல. தயானா கெடந்த கெடப்ப மறந்துட்டியா?”

அவள் செடிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். பிறகு மெதுவாக, “உள்ள தவளக்குஞ்சு இருக்கு. டார்ச் அடிச்சுப் பாரு” என்றாள்.

பார்த்தான். “ரெண்டு குஞ்சு. கூடவே கொசுப்புழுவும் நெளியுது.”

அவள் உள்ளே போய், காபி வடிகட்டும் துணியோடு வந்தாள். “இதுல வடிகட்டு. புழுவத் தூக்கிப் போடு. குஞ்ச உள்ள விட்டு வேற மழத்தண்ணி ஊத்து.”

“அடுத்த வாரம் மறுபடியும் புழு வருமே?”

“அப்ப வாராவாரம் வந்து வடிகட்டு.”

“வாராவாரம் வரவா?”

“தவளைக்காகச் சொன்னேன். மூஞ்சியப் பாரு!”

4

எழுதிப் பார்த்த இரண்டு முடிவுகள்:

வாராவாரம் வருகிறான். நாளடைவில் காபியும் கிடைக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாரம் அவன் வரவில்லை. புழுக்கள் நெளிகின்றன. தயானாவை நினைத்து லிண்டவுராவே செடியைக்... [முடியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை வராமல் போனவன்தானே அவன்?]

5

அந்த முதல் நாளிலேயே நிறுத்திக்கொள்கிறேன்: அடில்சன் செடியைச் சாய்த்துவிட்டான். லிண்டவுரா துணியை விரித்துப் பிடித்திருக்கிறாள். மேல் இலையில், நகமளவு தகப்பன், இடத்தைவிட்டு நகராமல் கத்துகிறது. அவ்வளவு சின்ன உடம்பில் எங்கிருந்துதான் வருகிறதோ அத்தனை தைரியம்! தண்ணீர் இலை விளிம்புக்கு வந்து

[நான் எழுதாதவரை அது விழாது. அடில்சன் அடுத்த வாரம் வருவான் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், நீங்கள் ஊற்றுங்கள்.]