கை நனைக்கும் நாள்

"இன்னிக்கு ஒரு நாளைக்காவது சமையல்காரரைச் சொல்லியிருக்கலாமுங்க" என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிரவே இல்லை. "இருவது பேருக்கு மூணு வேளையும் ஆக்கிப் போடறவன் ஊட்டுல, தங்கச்சி விசேசத்துக்கு வேறொருத்தன் வந்து கரண்டி புடிக்கோணுமாக்கும்" என்றார். அதற்குமேல் பேசினால் காரம் கூடிவிடும் என்று உளுந்தைக் கழுவப் போய்விட்டேன். காவேரிப் பக்கமிருந்து வந்த காற்றில் ஆலையின் கரும்புப் பாகு வாசனை இருந்தது.

அவர், அன்பரசு, சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் மோகனூர். மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு தங்கை யாழினிக்கு அப்பா, அம்மா எல்லாம் அவர்தான். திருச்செங்கோட்டிலிருந்து இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர், மாப்பிள்ளை வீட்டில் எங்களைப் பற்றிச் சொல்லும்போது "பொண்ணோட அண்ணன் கப்பல்ல ஆபீசர்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஆபீசர் எங்களைக் கேட்காமலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். நானும் எழுந்து போகச் சொல்லவில்லை. போகச் சொல்வானேன்? கேட்க நன்றாகத்தான் இருந்தது.

யாழினிக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. பெயர் இளஞ்செழியன். அப்பாவின் போர்வெல் ரிக் வண்டிகளுக்குக் கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறார். சாயங்காலமானால் மொட்டை மாடியில் நின்று போனில் பேசும் அவள் சிரிப்பு கீழே அடுப்படிவரை கேட்கும். நான் பாத்திரத்தை உருட்டிச் சத்தம் போட்டுக் கிண்டல் செய்வேன். முன்பு வந்த இரண்டு இடங்கள் ஜாதகத்தில் போயின. அப்போதெல்லாம் அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிட்டாள். இது போனால் அப்படிக் கிளம்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபியைத் தாண்டி எதையும் தொட மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அன்றைக்கு அவர்கள் கை நனைக்க வருகிறார்கள். அதனால்தான் முந்தின நாளே அவரிடம், "கப்பல் கதையெல்லாம் நாளைக்கு வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்தேன்.

விடுமுறைக்கு வந்தால் அவருக்கு அந்தக் கதைகள்தான். பிலிப்பைன்ஸ் பையன்களுக்குக் காலையிலேயே சோறு வேண்டும், வறுத்த கருவாடும் புளிப்புக் காடியும் வேண்டும். உக்ரைன்காரர்களுக்கு பீட்ரூட் போட்ட சூப்பும் ரொட்டியும். கேப்டன் குஜராத்தி, வெங்காயம்கூடத் தொட மாட்டார். இந்தோனேசியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. கடல் ஆடினால் தட்டு வழுக்காமலிருக்க மேசைத் துணியை நனைத்து விரிப்பார்களாம், அடுப்பில் பாத்திரத்தைக் கம்பி வைத்துப் பூட்டுவார்களாம். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தர் தட்டில் இன்னொருத்தருக்கு ஆகாதது விழுந்ததில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கதை வேண்டாம் என்றதும் அந்த முகம் சுருங்கியது. "நா என்ன திருடிப்போட்டா வந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

பதினொரு மணிவாக்கில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா வெங்கடாசலம், அம்மா பழனியம்மாள், கூட நெருங்கின சொந்தம் நாலைந்து பேர். மழை, கரும்பு, போர்வெல், திருச்செங்கோட்டு மண்டபம் என்று பேச்சு நல்லபடியாகவே போனது. பழனியம்மாள் யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டைப் பூவைச் சரிசெய்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது. கூடத்தில் பாய் விரித்து இலை போட்டோம். வெங்கடாசலம் கை கழுவப் புறக்கடைக்கு எழுந்தார். எங்கள் வீட்டில் புறக்கடைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும்.

மேடைமேல் என் கணவர் காய் நறுக்கிய கத்தி கிடந்தது. அரிவாள்மனையில் குந்தி நறுக்க இவருக்கு இப்போதெல்லாம் முட்டி வளைவதில்லை என்று கப்பலிலிருந்து கொண்டுவந்தது. முழங்கை நீளம், பச்சைப் பிடி.

"கத்தி புதுசா இருக்குதுங்க தம்பி. கப்பல்ல வெச்சிருக்கறதுங்களா?" என்று வெங்கடாசலம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமாங்க மாமா" என்றார் இவர், உறவு முடிவாகும் முன்பே மாமா போட்டு. யாராவது கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தவர்போல விரலால் பிடியைத் தட்டிக் காட்டினார். "பச்சப் புடி காய்க்கு மட்டுந்தானுங்க. ஊதாப் புடி மீனுக்கு. ஒண்ணுக்கு வெச்சத இன்னொண்ணுக்குத் தொட மாட்டமுங்க. அத்தன சுத்தம்."

"வேற புடி எல்லாம் இருக்குதுங்களா?"

"செவப்பு இருக்குதுங்க. கறிக்கு."

"என்ன கறிங்க?"

வடைச் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் கண்ணால் கெஞ்சினேன். ஆடு, கோழி என்று நிறுத்தினால் போதும். அவர் என்னைப் பார்த்தார், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு வெங்கடாசலத்திடம் திரும்பி, "எல்லாக் கறியுந்தானுங்க. ஆடு, கோழி, பன்னி, மாடு. அவங்கவங்களுக்கு எது ஆகுமோ அது" என்றார்.

"நீங்களும் திங்கறதுங்களா?"

"உப்புப் பாக்கோணுமில்லீங்க. நாக்குல வெக்காம ஒருத்தருக்கு எப்படிங்க பரிமாறது?"

வெங்கடாசலம் தலையாட்டினார். கை கழுவவில்லை. திரும்பிக் கூடத்துக்குப் போய், "ஒரு நிமிசம், நாங்க பேசிப்போட்டு வந்தர்றமுங்க" என்று எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்கள் ஊரில் மரியாதை கூடக்கூடக் காரியம் கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

"ஆடுன்னு நிறுத்துனா வாய் வெந்தா போயிருமுங்க?" என்று அடிக்குரலில் கேட்டேன். கோபம்தான், அதற்குள்ளே அழுகையும் இருந்தது.

"நா ஆக்கிப் போட்டதத் தின்னு ஒருத்தனும் கெட்டுப் போகலியே, சித்ரா" என்றார். சாம்பாரை மூடி வைத்தார். மூடியைத் திறந்து மறுபடியும் மூடினார். யாழினி எல்லாவற்றையும் கேட்டபடி அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெங்கடாசலம்தான் முதலில் உள்ளே வந்தார். மற்றவர்கள் அவர் பின்னால் நின்றார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது, அதுல மாத்தமில்லீங்க. இன்னிக்கு எளநி மட்டும் குடிச்சுக்கறோம். வெளிய சமையலுக்குச் சொல்லி இன்னொரு நாள் வெச்சுக்கலாம். கல்யாணத்துலயும் நீங்க அடுப்புப் பக்கமும் பந்திப் பக்கமும் வராம இருந்துக்கிட்டாச் செரிங்க. சொந்தக்காரங்க வாய மூட முடியாது பாருங்க."

அவ்வளவுதானா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமில்லை. சரியென்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவரே, "செரிங்க மாமா" என்றார். குனிந்து, போட்ட இலைகளை ஓரத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தார். கிழியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தங்கை கல்யாணத்தில் சோற்றுப் பக்கம் வராத அண்ணன் எங்கே போய் நிற்பான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்று வண்டி நிறுத்த இடம் காட்டுவாரோ என்னவோ.

யாழினி அறையிலிருந்து வந்தாள். பட்டுப் புடவையோடு நேராகப் போய், அவர் இன்னும் எடுக்காத இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பசிக்குதுங்ணா. சோறு போடுங்க."

வந்தவர்கள் நின்றுகொண்டிருக்கப் பெண் உட்கார்ந்து சாப்பிடுவதை எங்கள் ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "அம்முணி, எந்திரி சாமி" என்றேன். அவள் காதில் விழுந்தமாதிரியே இல்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். இளஞ்செழியனைப் பார்க்கவில்லை, யாரையுமே பார்க்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. அவளுக்கு அந்த மாப்பிள்ளை எவ்வளவு வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் எனக்குத்தான் முழுசாகத் தெரியும்.

அவர் கையிலிருந்த இலைகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். சோறு போட்டார், சாம்பார் ஊற்றினார், கத்திரிக்காய் வைத்தார். யாழினி பிசைந்து வாயில் வைத்தாள்.

"உப்புச் செரியா இருக்குதா கண்ணு?" என்றார் அவர்.

"செரியா இருக்குதுங்ணா. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

வெங்கடாசலம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வாசற்படிக்குத் திரும்பினார். இளஞ்செழியன் திரும்பவில்லை, முன்னாலும் வரவில்லை. மின்விசிறிக் காற்றில், யாழினிக்குப் பக்கத்தில் விரித்திருந்த இலையின் நுனி எழுந்து எழுந்து விழுந்தது. மடங்கிவிடும்போல இருந்தது. பழனியம்மாள் குனிந்தார். உட்காராமலே, இரண்டு விரலால் அந்த நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.